எட்டு நாள் பட்டினி

“எட்டு நாளாச்சு சார், ஒரு வாய் இறங்கலை. மூச்சு வாங்க வாயைத் திறந்து திறந்து மூடறதைப் பார்த்தா வயிறு எரியுது.”

ஸ்டோர்கீப்பரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் தளும்பியது. மானேஜர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“யாருக்கு?”

“மாமியாருக்கு சார்.”

“உடம்புல எங்கேயாவது வெள்ளையாத் திட்டு இருக்கா?”

“கழுத்துப் பக்கம் இருக்கு சார்.”

“தண்ணி மாத்திப் பார்த்தீங்களா?”

“நேத்துகூட மாத்தினேன் சார்.”

“சரி, மூணு நாள் லீவு எடுத்துக்குங்க. மத்தியானம் நானே வந்து பார்க்கறேன்.”

லீவு கிடைத்த சந்தோஷம், மானேஜர் வீட்டுக்கே வரப்போகிறார் என்பது உறைத்ததும் கதவைத் தாண்டுவதற்குள் கரைந்துபோனது. கண்ணீர் உண்மை, பட்டினி உண்மை, வெள்ளைத் திட்டும் உண்மை. மாமியாருக்கு என்றது மட்டும்தான் பொய். சாப்பிடாமல் கிடந்தது, வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் நாலு வருஷமாக அவர் வளர்க்கும் விலாங்கு.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் டயர் கம்பெனியே சிரிக்கும். போதாததற்கு, அவர் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் மானேஜரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கின் குணம் என்பார்கள். வளர்த்தவருக்கும் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் மாமியார் கல்லுக்குண்டு போல ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியை வீசி எறிந்தார்.

“சாகக் கிடக்கறது மீனு, படுக்கையில விழறது நானா?”

“விழ வேண்டாம் அத்தை, படுத்தாப் போதும். அஞ்சு நிமிஷம் முனகினீங்கன்னா என் வேலை நிலைக்கும்.”

“என் பொண்ணு காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு நாள் லீவு போட்டீங்களா மாப்பிள்ளை? இந்த வழுக்கல் பயலுக்கு மட்டும் மூணு நாளா?”

நியாயமான கேள்விதான். “அது போயிட்டா என்னால தாங்க முடியாது அத்தை” என்று மட்டும் சொன்னார் ஸ்டோர்கீப்பர். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தார்.

மானேஜர் சொன்னபடி வந்து சேர்ந்தார். கையில் பழம் இல்லை. மூடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பா இருந்தது. விரிப்பு போட்டு மூடியிருந்த தொட்டியைத் தாண்டி உள்ளறைக்குப் போனார்.

மாமியார் முனகிய முனகலில் ஸ்டோர்கீப்பருக்கே பயம் வந்துவிட்டது. போதும் என்று ஜாடை காட்டியும் கேட்காமல், “என் மாப்பிள்ளையைக் கைவிட்டுடாதீங்க சார்” என்று மானேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அதெல்லாம் விடமாட்டேன்மா. கொஞ்சம் கழுத்தைக் காட்டுங்க.”

கழுத்தில் திட்டும் இல்லை, புள்ளியும் இல்லை. மாமியார் தானாகவே இன்னொரு பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கேயும் இல்லை.

மானேஜர் எழுந்து கூடத்துக்கு வந்து, தொட்டியின் மேல் கிடந்த விரிப்பை உருவினார். குழாய்த் துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, விலாங்கு வாயைத் திறந்து திறந்து மூடியது. கழுத்தில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது.

வேலை போயிற்று என்று முடிவு கட்டினார் ஸ்டோர்கீப்பர். “மன்னிச்சிடுங்க சார். மீனுக்குன்னு கேட்டா சிரிப்பீங்கன்னு...”

“தொட்டியில மருந்தை முழு அளவாப் போட்டீங்களா?”

“ஆமா சார்.”

“அடப்பாவி! இதுக்குச் செதில் பேருக்குத்தான். பாதி மருந்துக்கு மேல தாங்காது.” மானேஜர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். “பாதித் தண்ணியை எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. டப்பாவுல மண்புழு இருக்கு, உயிரோட நெளிஞ்சாத்தான் தின்னும்.”

ஸ்டோர்கீப்பர் வாளியைப் பிடித்தபடி சிலையாக நின்றார். “சார், உங்களுக்கு எப்படி இதெல்லாம்...”

“என் மாமியாருக்கும் வருஷத்துக்கு நாலு தடவை இதே வியாதிதான்!”