றோயின் பசி

கதிர்காமநாதனின் வலது கை தோள்வரை பக்கத்து வீட்டு மிஸிஸ் டோசனின் குப்பைவாளிக்குள் இருந்தபோது, அவர் வீட்டு வாசல் லைட் எரிந்தது.

விடிந்தும் விடியாத நேரம். அவன் சாரமும் அதற்குமேல் ஓவர்கோட்டும் போட்டிருந்தான். நோபல் பார்க்கின் அந்தத் தெருவில் மேப்பிள் மரங்கள் இலைகளை எல்லாம் கொட்டிவிட்டு நின்றன. ஒளிய இடமில்லை.

அவன் திருடன் இல்லை. டண்டினோங்கில் லொறி செய்யும் தொழிற்சாலையில் பாகங்களுக்கு வரைபடம் வரைகிறவன். அவனுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் குப்பை.

அவன் வீட்டில் குப்பை இல்லை.

மனைவி நாகேஸ்வரி எதையும் எறியமாட்டாள். மரக்கறித் தோல் கோழிகளுக்கு. கோழி எரு கத்தரிக்கு. உதிர்ந்த இலைகூடக் கத்தரியின் அடியில் குளிருக்குப் போர்வை. பழைய பேப்பர் காற்று வரும் யன்னல் இடுக்குக்கு. அவர்களுடைய வாளி வாரம்தோறும் வெறுமையாக வாசலுக்குப் போய் வெறுமையாகவே திரும்பி வந்தது.

தெரு அதைக் கவனித்தது. குப்பை இல்லாத வீட்டில் சாப்பாடும் இருக்காது என்று முடிவுகட்டியது.

ஒரு சனிக்கிழமை சேர்ச்சிலிருந்து இரண்டு பெண்கள் பெரிய பெட்டியோடு வந்தார்கள். பீன்ஸ் டின்கள், பால்மா, யாரோ போட்டுக் கழித்த கம்பளிச் சட்டை. ஒன்றும் வெட்கப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். கதிர்காமநாதனுக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நாகேஸ்வரி அவர்களைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, சந்தோஷமாகப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். வெறும் டின்களில் மிளகாய்க் கன்று நட்டாள். பெட்டியில் கோழி முட்டையிட்டது.

அந்த வாரமும் வாளிக்குள் ஒன்றுமில்லை.

எங்கள் மானத்துக்காக எதையாவது எறி என்று அவன் கெஞ்சினான். அவளும் வீடு முழுவதும் தேடி ஒரு அறுந்த செருப்பு வாரைக் கொண்டுவந்தாள். வாளியடிவரை போனவள் மனம் மாறி, அதைத் தக்காளிச் செடிக்குக் கட்டிவிட்டாள்.

அதனால்தான் அவன் இப்போது பக்கத்து வீட்டு வாளிக்குள் கைவிட்டிருந்தான். தெருவிலேயே நிறைந்து வழிந்த வாளி அது.

கையில் அகப்பட்டது பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். இழுத்த வேகத்தில் அவிழ்ந்துகொண்டது. ஆட்டிறைச்சித் துண்டு, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி. ஒரு வாய்கூட வைக்காத சாப்பாடு. அதற்குக் கீழே அதே மாதிரி இன்னும் பொட்டலங்கள்.

மிஸிஸ் டோசன் வீட்டுக் கவுனோடு படியில் நின்றார்.

தனக்குச் சாப்பாடு தேவையில்லை, குப்பை மட்டும் போதும் என்று அவன் ஆங்கிலத்தில் விளக்கினான். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. பிடிபட்டது தான்தான் என்பதுபோல் கவுனை இழுத்து மூடிக்கொண்டார்.

"அது றோயின் சாப்பாடு. கொஞ்ச நாளாக அவருக்குப் பசியில்லை."

றோய் அவருடைய கணவர். கதிர்காமநாதன் அந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருடமாகவில்லை; அந்த மனிதரைக் கண்டதுமில்லை. படுக்கையில் கிடக்கிறார்போலும் என்று நினைத்துக்கொண்டு, பொட்டலத்தைத் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு வந்தான்.

நாகேஸ்வரிக்கு அவனுடைய மானம் பெரிதாகத் தெரியவில்லை. நல்ல இறைச்சி குப்பைக்குப் போவதுதான் பொறுக்கவில்லை. நேரே வேலியடிக்குப் போய்த் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மிஸிஸ் டோசனிடம் சொன்னாள்.

"றோய் அங்கிளுக்குப் பசியில்லாட்டிப் பரவாயில்லை. என்ர கோழியளுக்குப் பசிக்குது."

மறுநாளிலிருந்து றோயின் தட்டு வேலிக்கு மேலால் வந்தது.

தட்டைச் சும்மா திருப்பிக் கொடுப்பது அழகில்லை. வருத்தக்காரருக்கு நாக்குக்கு உறைப்பாக ஏதாவது வேண்டும் என்று நாகேஸ்வரி மிளகுரசம் வைத்து ஒரு போத்தலில் கொடுத்துவிட்டாள். போத்தல் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. றோய்க்குப் பிடித்திருந்தது என்றார் மிஸிஸ் டோசன்.

பிறகு தினமும் ரசம் போனது. தினமும் காலையில் கதிர்காமநாதன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று றோயைச் சுகம் விசாரித்தான். இன்றைக்குப் பரவாயில்லை என்று பதில் வந்தது.

தட்டில் மிச்சம் குறையத் தொடங்கியது. முதலில் இறைச்சி பாதியானது. பிறகு உருளைக்கிழங்கு மட்டும். பிறகு நாலைந்து பட்டாணி.

நாகேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. டொக்டராலும் முடியாததை என்ர ரசம் செய்திருக்கு என்று குசினிக்குள் நின்று கணவனுக்குச் சொன்னாள். கோழிகள் மட்டும் கொஞ்சம் மெலிந்தன.

அந்த நாட்டில் குளிர்காலம் தொடங்கும் மே மாதக் கடைசியில் ஒரு காலை, மிஸிஸ் டோசன் வாளியை வெளியே வைக்கவேயில்லை.

குப்பை லொறிக்குப் பின்னால் ஓடிவரும் தாடிக்காரன் அந்த வாசலில் நின்றுவிட்டான். முன்பு தெருவிலேயே அதிகம் கனத்த வாளி, வரவரப் பாரம் குறைந்து இன்று இல்லாமலே போனதை அவன் தோள் கவனித்திருக்க வேண்டும். படியேறிக் கதவைத் தட்டி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டான்.

கதிர்காமநாதன் வேலைக்குப் புறப்பட்டு, கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மிஸிஸ் டோசன் தாடிக்காரனைப் பார்த்தார். பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கதிர்காமநாதனைப் பார்த்தார். றோய் இறந்துவிட்டார் என்றார்.

கதிர்காமநாதனின் கை கண்ணாடியிலேயே நின்றது. முந்தின நாள் பின்னேரமும் ரசம் போயிருந்தது.

தாடிக்காரன் தொப்பியைக் கழற்றினான். எப்போது என்று மெதுவாகக் கேட்டான்.

அந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, மிஸிஸ் டோசன் கதவை முழுதாகத் திறந்தார்.

"போன வருஷம். ஈஸ்டருக்கு."