இரண்டாவது டிஸ்க்

மாடி வீட்டு டிராயிங் மாஸ்டர் தன் கம்ப்யூட்டரைக் கவனிக்கிற மாதிரி தெருவில் யாரும் மாமியாரைக்கூடக் கவனிப்பதில்லை. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். மகனின் சின்ன வயதுப் படங்கள் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று நின்றுபோனால், தூர ஊரில் இருக்கும் மகனுக்கு உடனே எச்சரிக்கை மெயில் போகும். இந்த மாதம் மட்டும் மூன்று தடவை போய்விட்டது.

மகன் அனுப்பிய மெக்கானிக் வந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார்.

“டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு சார். வயர்தான் கழண்டிருக்கு.”

“எலியா இருக்கும்,” என்றார் மாஸ்டர்.

“எலி இவ்வளவு நீட்டா கழட்டுமா? சரி, இனி உங்களுக்குக் கவலையில்ல. அந்த மெயிலை என் கடைக்கே திருப்பிவிடச் சொல்லிட்டார் உங்க பையன்.”

மாஸ்டரின் முகம் வாடிப்போனது. “அப்போ அவனுக்கு வராதா?”

சமையலறையிலிருந்து வந்த மனைவிக்குப் பொறுக்கவில்லை. “எலியும் இல்ல, பூனையும் இல்ல தம்பி. பிடுங்கறது இவர்தான். டிஸ்க் போச்சுன்னாத்தான் பையன் ஃபோன் பண்றான்.”

மெக்கானிக் வயரை மாட்டினார். மெயில் முகவரியில் கை வைக்காமல் பெட்டியை மூடினார்.

“மெயில் அவருக்கே போகட்டும் சார். அடுத்த தடவை மத்த டிஸ்க்கைக் கழட்டுங்க. எப்பவும் ஒண்ணே போனா, பையனுக்குச் சந்தேகம் வந்துடும்.”