நாற்பத்தொன்று

“அந்தக் கதவை மட்டும் தொடாதீங்க மேடம். இருந்த இடத்துலயே எரிச்சுடலாம்” என்றார் மேஸ்திரி.

“எரிக்கக் கூடாது. முழுசாக் கழட்டி என் வண்டியில ஏத்தணும்” என்றாள் இன்ஜினியர்.

ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த பழைய மனநல மருத்துவமனை இன்று இடிபடுகிறது. பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் வந்துவிடும். அதற்குள் பெண்கள் வார்டின் துணி அறைக் கதவு வெளியே வந்தாக வேண்டும். வேலையாட்கள் எட்டுப் பேரும் வார்டு வாசலோடு நின்றுவிட்டார்கள்.

“அவங்க வராட்டிப் போகட்டும். ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க.”

“எங்கப்பா இங்க காவலாளியா இருந்தவர் மேடம். தன் காதால கேட்டதைச் சொல்லியிருக்கார்.”

“என்ன கேட்டாராம்?” அவள் மேல் கீலில் எண்ணெய் விட்டாள்.

“இந்த வார்டுல நாப்பது பொம்பளைங்க. சாயங்காலமானா வரிசையா நின்னு ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லணும். கடைசிப் பொம்பள நாப்பதுன்னு முடிச்சதும், இந்த ரூம்லேர்ந்து மெல்லிசா ஒரு குரல் ‘நாப்பத்தொண்ணு’ங்குமாம்.”

“யாரு அது?”

“ஏரியில விழுந்து செத்த ஒருத்தியோட ஆவி. அந்த நாப்பது பேரும் அப்படித்தான் சொன்னாங்களாம். அப்புறம் ஒரு காவலாளியும் இந்த ரூம் பக்கம் தலைவச்சுப் படுக்கலை.”

“பைத்தியம்னு அடைச்சு வச்சவங்க பேச்சை, இதுக்கு மட்டும் நம்பிட்டாங்களாக்கும்.”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. கதவின் உட்பக்கத்தைக் காட்டினார். ஆணியால் கீறிய ஐந்து கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தன. கடைசிக் கோடு அவள் இடுப்பளவு உயரம்.

“அப்ப இது என்னவாம்? வருஷத்துக்கு ஒரு கோடு. அது வளருது மேடம். கதவு உசரத்துக்கு வளர்ந்தா வெளிய வந்துடும்னு அப்பா சொல்வார்.”

“உங்கப்பா ரொம்பப் பயந்தவரோ?” மேல் கீல் கழன்றது.

“நல்ல மனுஷன். குணமாகி வீட்டுக்குப் போறவங்களுக்கு மூட்டை தூக்கிவிடுவார். ஒருத்தி போனப்ப, அவ துணி மூட்டை இருந்த கனத்துல, ரெண்டு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டார். அந்த வாரத்தோட குரலும் நின்னுபோச்சு.”

கீழ்க் கீல் துருவேறி அசைய மறுத்தது. அவள் உள்ளங்கையில் தோல் உரிந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினாள். மணி பதினொன்றரை.

“விட்டுடுங்க மேடம். ஒரு பழங்கதவுக்காக இப்படியா?”

“இதை ஒருத்தங்க பார்க்கணும்னு ஆசைப்படறாங்க. செத்தாலும் இந்த வாசப்படியை மறுபடி மிதிக்க மாட்டாங்க. அதனால கதவுதான் அவங்ககிட்டப் போகணும்.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று மேஸ்திரியை அசைத்தது. முணுமுணுத்துக்கொண்டே வந்து கதவின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தார். கடைசித் திருகாணி கழன்று தரையில் உருண்டது.

ஜன்னல் மேடையில் இருந்த அவள் போன் அடித்தது. அவளுடைய இரண்டு கைகளும் கதவில் இருந்தன.

“எங்கம்மாதான். ஸ்பீக்கர்ல போடுங்க மேஸ்திரி.”

அவர் கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு விரலால் அழுத்தினார்.

“என்னடி நாப்பத்தொண்ணு, உன் கதவு கிடைச்சுதா?” என்றது ஒரு முதிய குரல்.

“கிடைச்சுதும்மா” என்றாள் அவள். “அன்னைக்கு என்னை மூட்டையோட தூக்கி வண்டியில வச்சாரே, அவர் பிள்ளைதான் மறுபக்கம் பிடிச்சிருக்கார்.”