மிதக்கத் தெரியாத இருவர்

"சார், கொஞ்சம் இப்படி வாங்க. உங்களுக்கு நீந்தத் தெரியும், இல்லையா?"

விசிலக்கா இப்படித்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. சமூக மையத்தின் நீச்சல் குளத்தில் நாலு மணிக்குக் குழந்தைகளுக்கு வகுப்பு. ஆறு மணிக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிற பெரியவர்களுக்கு. இரண்டுக்கும் ஆசிரியை அவள்தான். கழுத்து விசிலைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தது குழந்தைகள்.

ஆறு மணி வகுப்புக்கு வருகிற லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தார்.

"எனக்கா மேடம்? பன்னிரண்டு வாரமா கல்லு மாதிரி முங்கிக்கிட்டு இருக்கேனே!"

"முங்குறீங்க. ஆனா முங்கும்போது மூக்கு வழியா சீரா காத்து விடுறீங்க. வரிசையா குமிழி வருது. நீந்தத் தெரியாதவங்க மூச்சை இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க, இல்லேன்னா வாயைப் பிளந்து தண்ணியைக் குடிப்பாங்க. என் காதுல பூ சுத்தாதீங்க."

பாம்பின் கால் பாம்பறியும். மெக்கானிக் தலை குனிந்தார்.

"பயந்து வர்றவங்களைக் கேலி பண்ற மாதிரி இல்லையா சார் இது? இன்னைக்குக் கடைசி நாள். தேர்வு முடிஞ்சதும் எல்லார் தேர்ச்சி கார்டையும் சத்தமா படிப்பேன். உங்க கார்டுல உள்ளதை உள்ளபடி எழுதப் போறேன். பதினெட்டு வருஷத்துல ஒரு கார்டுல கூட நான் பொய் எழுதினதில்ல."

"ஐயோ, மெதுவா மேடம். அத்தை காதுல விழுந்துடும்."

குளத்தின் அந்தக் கோடியில் அவருடைய மாமியார் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். ரப்பர் தொப்பிக்குள் முழு நரையையும் அடக்கியிருந்தார்.

"என் மனைவி போய் ஒன்றரை வருஷமாச்சு மேடம். அத்தைக்கு ஒரே பொண்ணு. அதுக்கப்புறம் அவங்க வாசப்படி தாண்டல. இந்த வகுப்புக்குக் கூப்பிட்டேன். 'நான் மட்டும் முங்கி, ஊரே சிரிக்கணுமா?'ன்னாங்க. எனக்கும்தான் தெரியாது, சேர்ந்தே கத்துக்கலாம்னு சொல்லிட்டேன். நான் மிதந்துட்டா, தனக்கு மட்டும்தான் வரலன்னு நின்னுடுவாங்க. திரும்பவும் அதே ரூம், அதே ஜன்னல்."

விசிலக்கா விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை.

"அப்போ இன்னைக்குத் தேர்வுல?"

"முங்கிடுறேன் மேடம். தேறாதவங்க திரும்பச் சேரலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

தேர்வுக்காக மேல் விளக்குகளை அணைத்தார்கள். தண்ணீருக்கு அடியில் இருந்த விளக்குகள் மட்டும் எரிந்தன. கூரையில் நீல வளையங்கள் அசைந்து அசைந்து ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. கூடம் முழுவதுமே மெல்ல ஆடுவது போலிருந்தது.

"காதைத் தண்ணிக்குக் கொடுத்துடுங்க. கழுத்தை விடுங்க. நீங்க எதையும் பிடிக்க வேண்டாம், தண்ணி உங்களைப் பிடிச்சுக்கும்."

ஒரு நிமிடம் மிதந்தால் தேர்ச்சி. ஒவ்வொருவராக மல்லாந்தார்கள். சிலர் மிதந்தார்கள். மிதந்தவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தார்கள்.

மெக்கானிக் முறை வந்தது. பத்தே நொடியில் முங்கினார். இந்த முறை ஒரு குமிழிகூட இல்லை. சொல்லிக் கொடுத்தால் கற்பூரம்!

அடுத்து மாமியார்.

காதுகள் தண்ணீருக்குள் போனதும் அந்த முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் அவிழ்ந்தது. இருபது நொடி. முப்பது. நாற்பது. கண்கள் மூடியே இருந்தன. விசிலக்காவே கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள்.

சட்டென்று கால்கள் மடங்கின. முகத்தைத் தண்ணீர் மூடியது.

"அத்தை, பயப்படாதீங்க!" என்று மெக்கானிக் கத்தினார்.

விசிலக்கா குனிந்து பார்த்தாள். அந்த மூக்கிலிருந்து மெல்லிய குமிழிகள் சீராக, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்துகொண்டிருந்தன.

மாமியார் எழுந்து இரண்டு தடவை இருமினார். "எனக்கும் வரல மாப்பிள்ளை. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்துதான்!"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே துண்டு எடுக்கப் போனார்.

"எத்தனை நாளாம்மா?" என்று கிசுகிசுத்தாள் விசிலக்கா.

மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவது வாரத்துலேர்ந்து. காது உள்ளே போனதும் யாரோ மடியில போட்டுக்கிட்ட மாதிரி இருக்கும்மா. ஆனா நான் தேறிட்டா மாப்பிள்ளைக்கு இங்க வர ஏது சாக்கு? வேலை முடிஞ்சா வீடு, வீட்டுக்கு வந்தா சுவத்தைப் பார்த்துப் படுக்கை. அந்த மனுஷன் சிரிக்கிறது வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான். காட்டிக் கொடுத்துடாதே தாயி."

"ஆனா அவருக்கு..." என்று ஆரம்பித்த விசிலக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீந்தத் தெரியும்கிறியா? அவர் நீந்துற அழகைப் பார்த்துத்தானே, கட்டினா இவரைத்தான் கட்டுவேன்னு என் பொண்ணு ஒத்தக்கால்ல நின்னா!"

விசிலக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் பொய்யை, ஒன்றுக்கு இரண்டாக, இருவர் கார்டிலும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்:

'இன்னும் மிதக்க வரவில்லை. அடுத்த முறையும் கட்டாயம் சேர்ந்தே வரவும்.'