பத்தரை மணிச் சூரியோதயம்

"மணி பத்தரை ஆச்சு. இதை அஞ்சரை மாதிரி காட்ட முடியுமாம்மா?"

பூங்காவின் நடைபாதையில் புத்தம்புது ஷூவோடு நின்றிருந்தார் ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க். ஷூவின் விலைச்சீட்டைக்கூட அப்போதுதான் கிள்ளி எறிந்திருந்தார்.

"பேஷா காட்டலாம் சார்," என்றாள் போட்டோக்காரப் பெண். "கேமராவுல வெளிச்சத்தைக் குறைச்சா வானம் இருண்டுடும். இந்த ப்ளாஷ்ல ஆரஞ்சுத் தாளை ஒட்டி, பக்கவாட்டுல தாழ்வா வெச்சு அடிச்சா, உங்க மூஞ்சியில சூரியன் உதிச்சுடும்."

அவள் ஸ்டாண்டை நிறுத்தி, ப்ளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குடையை விரித்தாள். அதில் ஒரு கம்பி மட்டும் கோணிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"போன மாசம் காத்துல பறந்துபோய் அந்த பெஞ்சுல மோதிடுச்சு. வெளிச்சத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல சார். ஆமா, எதுக்கு இந்தப் பொய்ச் சூரியன்?"

ஹெட்கிளார்க் பெருமூச்சு விட்டார். முப்பத்தைந்து வருஷம் அலாரத்துக்குப் பயந்து வாழ்ந்தவர், ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஒன்பது மணிக்கு முன்னால் கண் விழித்ததில்லை. அந்தத் தூக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து.

"அடுத்த வாரம் என் வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போறா. முழுசா ஒரு மாசம்! இஷ்டத்துக்குத் தூங்கலாம்னு துள்ளிக் குதிச்சேன். அவ என்னடான்னா, என்னை எழுப்பறதுக்குன்னே சம்பந்தியை வரவழைச்சு வீட்டுல தங்க வைக்கப் போறாளாம்."

"சம்பந்தியா?"

"என் மகனோட மாமனார். சம்பந்தியம்மா பேரனைப் பார்த்துக்கப் போயிருக்காங்க. இவர் ஊர்க்கோடியில தனியா இருக்கார். சும்மா இருக்கக் கூடாதா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடறார்! தினமும் ஒரு கலர் பனியன் போட்டுக்கிட்டு, குடும்ப குரூப்புல ஒரு போட்டோ. 'சம்பந்தி மூஞ்சியைப் பாருங்க, என்ன களை!'ன்னு இவ என் பிராணனை வாங்கறா."

"மேடம் இப்ப வீட்டுல இல்லையா?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா. சாயங்கால ரயில்ல வந்துடுவா. அதுக்குள்ள, நானே விடியக்காலையில எழுந்து நடந்தேன்னு ஒரு சாட்சி வேணும். அப்புறம் காவலுக்கு ஆள் எதுக்கு?"

"புரியுது சார். முகத்தை இந்தப் பக்கம் திருப்புங்க. கொஞ்சம் மூச்சு வாங்குங்க."

"நின்ன இடத்துல எப்படிம்மா மூச்சு வாங்கும்?"

"மேடம் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்துட்டாங்கன்னு நெனச்சுக்குங்க."

உடனே வாங்கியது. ப்ளாஷ் பளிச்சிட்டது. வியர்வைக்கென்று அவள் கொண்டுவந்த தண்ணீர்ப் புட்டிக்கு வேலையே இல்லை. பத்தரை மணி வெயில் அதைப் பார்த்துக்கொண்டது.

கேமராவின் சின்னத் திரையைப் பார்த்த ஹெட்கிளார்க் அசந்துபோனார். கருநீல வானம். கன்னத்தில் இளவெயில். இருபது வருஷமாகக் கோழி கூவும் முன்னே எழுகிற மனிதரைப் போல இருந்தார்.

"ஒரே ஒரு சிக்கல் சார்," என்று அவள் படத்தைப் பெரிதாக்கினாள். "கண்ணுக்குள்ள குடை தெரியுது. அழிச்சுடவா?"

கருவிழியில் குட்டியாக ஒரு வெள்ளைக் குடை, கோணல் கம்பியோடு.

"விடும்மா. என் கண்ணை யாரு பார்க்கப்போறா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரியே பார்த்ததில்ல."

"இங்க வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க சார்," என்று அவள் சிரித்தபடி குடையை மடக்கினாள்.

சாயங்காலம் மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் போட்டோவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நெஜமாவே நீங்களா எழுந்தீங்களா? என்னால நம்பவே முடியல!"

"இனிமே தினமும் இப்படித்தான்," என்றார் ஹெட்கிளார்க் மிதப்பாக. "சம்பந்தியை எதுக்கு வீணா அலைக்கழிக்கணும்? வேண்டாம்னு சொல்லிடு."

"நல்லா இருக்கே! இப்பத்தான் வழிக்கு வந்திருக்கீங்க. நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி போர்த்திக்கிட்டுப் படுத்துட்டா? சம்பந்திகிட்ட வழியிலயே போன்ல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை பெட்டியோட வர்றார். ஒரு மாசம் இங்கதான்."

காசு கொடுத்து எடுத்த போட்டோ வீணாய்ப்போன ஆத்திரத்தில் ஹெட்கிளார்க் போனைத் திறந்தார். குடும்ப குரூப்பில் பச்சைப் பனியனும் விடிகாலைக் களையுமாகச் சம்பந்தி சிரித்துக்கொண்டிருந்தார். மனுஷனை நன்றாக முறைக்கலாம் என்று அந்த முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

பிறகு போனை மூக்கு நுனிவரை கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"என்ன, கோபமா?" என்றாள் மனைவி.

"சேச்சே!" ஹெட்கிளார்க்கின் குரல் குழைந்தது. "பாவம், தனியா கஷ்டப்படற மனுஷன். ஒரு மாசம் என்ன, ரெண்டு மாசமே இருக்கட்டும்!"

அவர் கையிலிருந்த போனில், சம்பந்தியின் கருவிழிக்குள் குட்டியாக ஒரு வெள்ளைக் குடை விரிந்திருந்தது, ஒரு கம்பி மட்டும் கோணலாக.