இன்னும் ஒரு சாக்கு

"இந்தப் பொண்ணுக்குச் சாம்பல் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படியே முணுமுணுத்தாள் ரோசலின்.

மைசூரில் நஞ்சுண்டையாவின் பட்டுச் சாயப்பட்டறையில் அவள்தான் மேற்பார்வை. வெளியே விடுகிற தண்ணீரில் சாயம் இருந்தால், திங்கட்கிழமை சோதனைக்கு வரும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். பூட்டினால் அவளோடு சேர்த்து அத்தனை பெண்களும் வீட்டில்தான்.

புது இன்ஜினியர் ஜோவிதாவோ, பாய்லரிலிருந்து அள்ளிக் குப்பையில் கொட்டுகிற சாம்பலைக் கழுவிக் காயவைத்து, டிரம்மில் நிரப்பி, அதன் வழியே சாயத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள்.

"சாம்பல் சாயத்தைப் பிடிச்சுக்கும், ஆன்ட்டி."

"பிடிச்சுக்கும், பிடிச்சுக்கும். பாத்திரம் தேய்க்கிறதை வச்சுப் பட்டறையைக் காப்பாத்தப் போறியாக்கும்!"

டிரம்மின் அடிக்குழாயில் இன்னும் ரோஸ் நிறத்தில்தான் ஒழுகியது. பார்த்துக்கொண்டே நின்ற முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

"சாக்கு! சாக்கம்மா, சாக்கு!"

போதும், நிறுத்து என்று கன்னடத்தில் ஒரு கத்தல். எல்லாருடைய கையும் நின்றது.

ஜோவிதா மட்டும் லோடுமேன் பழனிமுத்துவிடம் திரும்பினாள்.

"கேட்டுச்சா அண்ணா? சார் சாக்கு கேக்கிறார். இன்னும் ஒரு சாக்கு சாம்பல் கொட்டுங்க!"

பழனிமுத்து திருதிருவென்று விழித்தார்.

"சீக்கிரம்ணா!"

கொட்டியே விட்டார்.

'மாதாவே! இவ்வளவு மக்கா இவள்?' ரோசலின் தலையில் அடித்துக்கொண்டாள்.

குழாயில் ரோஸ் வெளுத்தது. இன்னும் வெளுத்தது. பிறகு நிறமே இல்லை.

முதலாளி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"நோடி, பாருங்க! நான்தானே சாக்கு கேட்டேன்? தமிழ்ல!"

அவர் நகர்ந்ததும் ரோசலின் ஜோவிதாவின் காதைப் பிடித்துத் திருகாத குறை.

"உன் அரைகுறைக் கன்னடம் இன்னிக்கு எங்க பொழப்பைக் காப்பாத்திச்சு. மைசூர்லயே பிறந்து வளர்ந்தவ, சாக்குன்னா போதும்னு கூடவாடி தெரியாது?"

"ஸ்கூல்ல கன்னடத்துல நான்தான் ஃபர்ஸ்ட், ஆன்ட்டி" என்றாள் ஜோவிதா, கைச் சாம்பலைத் தட்டிக்கொண்டே. "அவருக்குப் போதும். தண்ணிக்குப் போதலையே!"