சரி என்று சொல்லாத அணில்

மழைக்கு முன் வீடு வேண்டுமென்று கிழட்டு அணில் ஒன்று தூக்கணாங்குருவியிடம் வந்தது.

குருவி நிபந்தனையைச் சொன்னது: "முதல்ல பாதிக் கூடு கட்டிக் காட்டுவேண்ணே. பார்த்துட்டு நீங்க சரின்னு சொன்னாத்தான் அடிப்பகுதியும் வாசலும். சொன்ன பிறகு அமைப்பை மாத்தச் சொல்லக் கூடாது."

அணிலுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் மரங்கொத்தி குடைந்து கொடுத்த பொந்தில் தண்ணீர் புகுந்தபோது, "நீங்கதானே சரின்னு சொன்னீங்க" என்றுதான் அதுவும் கைகழுவியது.

பாதிக் கூடு தொங்கியது. அணில் நாரை இழுத்துப் பார்த்தது, கடித்துப் பார்த்தது, தலைகீழாகத் தொங்கியும் பார்த்தது. குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் பெரிய சந்தேகமாகிவிட்டது.

"சரிதானே அண்ணே?"

"ஏன் அவசரப்படுத்துறே? எதை மறைக்கிறே?"

தினமும் இதே பேச்சு. மேகம் கறுத்தது.

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கண்ணே, சீக்கிரமே முடிச்சுத் தர்றேன்" என்று குருவி கெஞ்சியது. அணில் மறுபடியும் நாரைக் கடித்துப் பார்த்தது. குருவி சலித்துப்போய் வேறு வேலைக்குப் பறந்தது.

மழை பிடித்துக்கொண்டது. அடியில்லாத கூட்டில், குறுக்கு நாரைப் பற்றிக்கொண்டு அணில் உட்கார்ந்தது. சாரல் கீழிருந்து அடித்து அதைத் தெப்பமாக நனைத்தது.

"பார்த்தியா, நனையுது! அன்னைக்கே நினைச்சேன்" என்றது அணில், நிம்மதியாக.